வளையம் இறக்கிய கிணறு

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனைச் சும்மா இருக்க விடக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். புத்தளத்தில் கல்வி அலுவலகத்து நிர்வாக வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த எனக்கு, முதல் அழைப்பு ஆலங்குடாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து வந்தது. பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளைப் பொறியியல் படிக்கத் தூண்டும் கூட்டம் ஒன்று வைக்க வேண்டுமாம். எந்தக் கடிதம் யார் வழியாக யாருக்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே பொறுப்பும் என்னுடையதாயிற்று.

தேவையில்லாத கூட்டம் என்று சொல்ல மாட்டேன். யுத்தம் முடிந்த பிறகு அந்தக் கரையில் காற்றாலைகள் வரிசையாக எழும்பியிருந்தன. அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே விண்ணப்பித்தது காவலாளி வேலைக்கு மட்டும். ஊர்ப் பாடசாலையில் அடுத்த கட்டமான உயர்தரத்துக்குக் கலைப் பிரிவுதான் இருந்தது. கணிதம் படிப்பதானால் புத்தளத்துக்கு பஸ் ஏற வேண்டும். ஆண் பிள்ளைகளில் சிலர் ஏறினார்கள். பெண் பிள்ளைகளை யாரும் ஏற்றவில்லை.

கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளரைப் பிடித்து வந்தேன். நல்ல மனிதர். நிலைபேறான அபிவிருத்தி பற்றித் திரையில் படம் காட்டிப் பேசினார். துருவத்தில் பனி உருகியது, ஐரோப்பாவில் சைக்கிள் ஓடியது. பெற்றோர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே கதிரைகளை மின்விசிறிப் பக்கம் நகர்த்தினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றேன். யாரும் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில் நன்றியுரைக்காரரை எழும்பச் சொல்லிக் கையும் காட்டிவிட்டேன். அப்போது ஒருவர் எழுந்தார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, இங்கேயே தோட்டம் செய்து நிலைத்துவிட்டவர்.

"பனி உருகுறது சரி சேர். எங்கட குடியிருப்புக் கிணறு உப்பாகிட்டு வருது. இன்னும் ரெண்டு கொங்கிரீட் வளையம் இறக்கி ஆழமாக்கி, பெரிய மோட்டர் ஒண்டு போடப் போறம். தண்ணிக்கு அது காணுமா?"

"அதுக்கு முதல்ல ஒரு ஆய்வு செய்யணும்..." என்று பொறியியலாளர் தொடங்கினார்.

"இறக்க வேணாம் வாப்பா. இறக்கினா இன்னும் உப்பாகும்."

குரல் பெண் பிள்ளைகள் இருந்த பக்கத்திலிருந்து வந்தது. அவருடைய மகள்தான். ஊர்ச் சபையில் தகப்பனைத் திருத்துகிறோம் என்பதை மறந்து, அவள் வகுப்பில் விடை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனாள். "இங்க மணலுக்குக் கீழ உப்புத் தண்ணி. மழைத் தண்ணி அதுக்கு மேல மிதக்குது. ஆழமாப் போய் வேகமா இழுத்தா கீழ உள்ளதுதான் வரும். மேலால, கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும்."

"மகள் சொல்றது சரி," என்றார் பொறியியலாளர். அன்று அவர் சுருக்கமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதைப் பேசாமலே இருந்திருக்கலாம்.

"நானா, மோட்டர வித்துட்டு மகளக் கிணத்துக்குப் பொறுப்பாப் போடுங்க!" என்று அவரை அண்ணன் முறை வைத்துப் பின்னாலிருந்து யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது.

தகப்பன் சிரிக்கவில்லை. "எங்கட ஊருல கிணறு வத்தினா ஆழமாக்கித்தான் குடிச்சம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அவருடைய மன்னார் ஊர் ஒரு குளத்துக்குக் கீழே இருந்தது, கெட்டியான நிலம். வெட்ட வெட்ட நல்ல தண்ணீர் வரும். அந்தப் பழக்கத்தை இந்த மணலுக்கும் கொண்டு வந்திருந்தார். என்னைக் கேட்டிருந்தால் நானும் இறக்கத்தான் சொல்லியிருப்பேன்.

சில நாள் கழித்துச் செய்தி வந்தது. மகள் ஊர்ப் பாடசாலையிலேயே கலைப் பிரிவு படிப்பாள், புத்தளத்துக்கு அனுப்புவதில்லை என்று தகப்பன் சொல்லிவிட்டாராம். பிள்ளைக்குப் பரீட்சையில் கணிதத்துக்கு நல்ல புள்ளிகளோடு சித்தி. நான் வைத்த கூட்டத்தால் வந்த வினை. பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். தகப்பன் தோட்டத்தில். தாய் தேநீர் கொண்டு வந்தார். அனுமதி விண்ணப்பத்தில் தகப்பன்தான் கையெழுத்திட வேண்டும் என்றில்லை, தாய் இட்டாலும் செல்லும் என்று சுற்றறிக்கை இருப்பதை விளக்கினேன்.

"கையெழுத்து நான் போடுவன் சேர்," என்றார் தாய். "விடியக் கருக்கல்ல இந்த மணல் ரோட்டால புள்ளய பஸ் சந்திக்கு ஆரு கொண்டு போற? உங்கட சுற்றறிக்கையா?"

வீட்டில் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டத் தெரிந்தவர் தகப்பன் ஒருவர்தான். நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கிடையில் வளையம் இறங்கியது, பெரிய மோட்டரும் வந்தது. கொஞ்ச நாள் தண்ணீர் தாராளமாக வந்தது. பிறகு தேநீர் கரித்தது, சவர்க்காரம் நுரைக்கவில்லை. குடியிருப்புப் பெண்கள் கலன்களைத் தூக்கிக்கொண்டு அடுத்த பள்ளிவாசல் கிணற்றுக்கு நடக்கத் தொடங்கினார்கள். யார் இறக்கினது என்று போகும்போதும் வரும்போதும் உரக்கக் கேட்டுக்கொண்டு நடந்தார்களாம்.

விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கிய வேளையில் அந்தத் தகப்பன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் புத்தளம் ஸ்கூலுக்கு இன்னும் எடுப்பாங்களா சேர்?"

"ஓம், திகதி இருக்கு. கிணறு எப்படி?"

"அத விடுங்க. அடியில மண்ணப் போட்டு மூடணுமாம். மோட்டரச் சின்னதாக்கணுமாம். நான் கேக்கல்ல, அவளாவே சொன்னா."

"அப்ப மனசு மாறிட்டீங்க."

"மனசெல்லாம் மாறல்ல. வீட்டுல இருந்தா என்னோடதான் வாதாடிட்டு இருப்பா. போய் இஞ்சினியர்மாரோட வாதாடட்டும்."

விண்ணப்பத்தை நானே கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். தபாலில் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, வேறொரு பாடசாலைக் கூட்டத்துக்காக ஆலங்குடாவில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு பஸ்ஸுக்காகச் சந்தியில் நின்றேன். அங்கே அந்தத் தகப்பன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். பக்கத்தில் மகள். அவளோடு அதே வெள்ளைச் சீருடையில் இன்னும் சில பெண் பிள்ளைகள், எல்லோரும் குடை பிடித்தபடி.

"இவங்க ஆரு?" என்றேன்.

"ஆருட புள்ளைகளோ," என்றார் எரிச்சலாக. "நான் எப்படியும் நிப்பன்தானே எண்டு அவனவன் கொண்டு வந்து என்னட்ட விட்டுட்டுப் படுக்கப் போறான். இதுகள் எல்லாத்துக்கும் இப்ப கணிதம்தான் வேணுமாம்."

பஸ் வந்தது. இருக்க இடமில்லை, அடுத்ததில் ஏறுங்கள் என்றார் நடத்துநர். "பாடம் தொடங்கிரும், எல்லாரையும் ஏத்து!" என்று தகப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு சண்டை தொடங்கினார். பிள்ளைகள் குடைகளை மடக்கிக்கொண்டு ஏறினார்கள்.