ஹோல்டில் வைத்த பந்தயம்

என் கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மூன்று நண்பர்களோடு லாட்ஜ் அறையில் தங்கியிருந்த காலத்தில், ஒவ்வொரு பாகமாக வாங்கித் தானே பூட்டியது. ஒரகடத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குக் குக்கர் வருவதற்கு முன்னாலேயே அது வந்துவிட்டது. அதில் அவர் விளையாடுவது ஒரே ஒரு கார் பந்தயம். திரையில் வண்டி ஓடாது, தாவும். ஓர் இடத்தில் நிற்கும், பிறகு பத்தடி தள்ளி முளைக்கும். நடுவில் என்ன நடந்தது என்பதை நாமாக யூகித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். நான் வாகனங்களுக்குப் பின்விளக்கு செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பவள். பிரேக் பிடித்தால் விளக்கு சிவக்கிறதா, மங்குகிறதா, இடையில் கண் சிமிட்டுகிறதா என்று ஆறு வருடமாக நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாலையில் போனாலும் முன்னால் போகிற லாரியின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

“ஏட்டி, பழைய செட்டு அப்படித்தான் இருக்கும்,” என்பார் அவர். இத்தனைக்கும் அவர் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் ஆள். ஊரான் மெஷினெல்லாம் அவர் கைபட்டால் ஓடும்.

பொங்கல் நெருங்கியபோது சண்டை ஆரம்பித்தது. தலைத் தீபாவளியை என் அம்மா வீட்டில் முடித்தாகிவிட்டது, அதனால் பொங்கலுக்குத் தென்காசிப் பக்கம் இருக்கும் தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார் அவர். எனக்கோ வாலாஜாபாத்துக்குப் போயே ஆக வேண்டும். மஸ்கட்டில் இருக்கும் என் அக்கா மூன்று வருடம் கழித்து வருகிறாள். பொங்கலோடு சேர்த்து நான்கே நாள்தான் இருப்பாள். இதை அவரிடம் சொல்லியிருந்தால் விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் கெஞ்சி வாங்குவது எனக்குப் பிடிக்காது. திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“பந்தயம் கட்டலாம் மாமா. உங்க கார் ஆட்டத்துலயே. ஆளுக்கு மூணு ரவுண்டு. மூணையும் சேத்து யார் சீக்கிரம் முடிக்கிறாங்களோ அவங்க வூட்ல பொங்கல்.”

அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே ஜெயிக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த வாரம் அவருக்கு இரண்டாம் ஷிப்ட், மேலே ஓ.டி. வேறு, கம்ப்யூட்டரைத் தொடவே நேரமில்லை. எனக்கு முதல் ஷிப்ட். மதியம் மூன்று மணிக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் கம்ப்யூட்டர் எனக்கு மட்டும்தான்.

ஒரு வாரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியாது. மெஷினைச் சரிசெய்யலாம். தொழிற்சாலையில் சொல்லிக்கொடுத்தபடி ‘ஏன், ஏன்’ என்று ஐந்து முறை கேட்டுக் காகிதத்தில் எழுதினேன். ஏன் தாவுகிறது? சூடாகிறது. ஏன்? ஃபேனில் தூசி. ஏன்? லாரி போகிற ரோடு. ஏன் உள்ளே வருகிறது? ஜன்னல் திறந்திருக்கிறது. ஏன் திறந்திருக்கிறது? என் கணவர் மூட மாட்டார். மூல காரணம் கிடைத்துவிட்டது என்று ஜன்னலை மூடினேன். அறை வெந்தது, ஆட்டம் இன்னும் மோசமாகத் தாவியது.

மறுநாள் ஃபேனைப் பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகக் கிளம்பும் ஏழெட்டு வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினேன். ஆட்டத்தில் மர நிழல், தண்ணீர்ப் பளபளப்பு எல்லாவற்றையும் குறைத்தேன். கொஞ்சம் தேறியது. பின்பக்கத் தூசியையும் துடைக்கலாம் என்று டப்பாவைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். மானிட்டரின் ஒயரை அவர் மதர்போர்டில் செருகியிருந்தார். ஆட்டம் தாவாமல் ஓடுவதற்கென்றே சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு, கீழே தன் துளையில் எதுவும் செருகப்படாமல், இரண்டு வருடமாகச் சும்மா உட்கார்ந்திருந்தது. பிடுங்கி அதில் செருகினேன்.

கார் ஓடியது. வழுக்கிக்கொண்டு, ஒரு வெட்டு இல்லாமல் ஓடியது. தனியாக உட்கார்ந்து அவ்வளவு நேரம் சிரித்தேன். பிறகு நான்கு நாள் பழகினேன், வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டிய முதல் ரவுண்டிலேயே வண்டி சுவரில் போய் முட்டியது. தாவுகிற வண்டிக்குப் பழகிய கை. வளைவு வருவதற்கு முன்னாலேயே திருப்பிவிடும், தாவல் அதைச் சரிக்கட்டும். இப்போது தாவல் இல்லை.

“இன்னா மாமா, செவுத்து மேல அவ்ளோ பாசம்?”

“முந்தி மாதிரி இல்லட்டி. என்னத்தையோ பண்ணிருக்க.”

“நான் இன்னா பண்ணேன்?”

மூன்று ரவுண்டிலும் அவர் முட்டினார். நான் ஜெயித்தேன். அவர் எழுந்து டப்பாவைத் திருப்பினார். அதில் ஒரு அட்டை தொங்கியது.

என் புத்தியை என்னவென்று சொல்ல. எங்கள் லைனில் எந்த மெஷினைத் தொட்டாலும் அட்டை எழுதித் தொங்கவிட்டாக வேண்டும். ஆறு வருடப் பழக்கம். திருட்டு வேலை செய்துவிட்டு, காலண்டர் அட்டையை வெட்டி, சுத்தம் செய்த தேதி, ஒயர் மாற்றிய விவரம், அடுத்து எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்பது வரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு நானே கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

அவர் அதை நிதானமாக வாசித்தார். ஒயர் வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தார். காது சிவந்துவிட்டது.

“மெஷின்ல சேஞ்ச் பண்ணிட்டு, சொல்லாம லாட் ஓட்டிருக்க. உங்க கம்பெனில இதுக்கு என்ன செய்வாங்க?”

“ஹோல்டு,” என்றேன். வேறு என்ன சொல்வது? இரண்டு கம்பெனியிலும் விதி ஒன்றுதான். சொல்லாமல் மாற்றிய மெஷினில் ஓடிய லாட், அதாவது அந்தச் சரக்கு முழுவதையும், வெளியே விடாமல் நிறுத்தி வைக்க வேண்டும்.

“அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம திருப்பி ஓட்டணும்.”

அந்த வாரம் ஷிப்ட் மாறியது. அவர் தினமும் பழகினார். சீக்கிரமே என்னைவிட நன்றாக ஓட்டினார். அக்காவைப் பார்க்க முடியாது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது அழுதேன், அப்போதும் சொல்லவில்லை. சனிக்கிழமை என் அம்மா அவருக்குப் போன் செய்தாள். மாப்பிள்ளையிடம் அவள் வழக்கமாகப் பேசுவதுதான். “சரி அத்தை, சரி அத்தை” என்று நாலைந்து முறை சொல்லிவிட்டு வைத்தார். நான் என்ன ஏது என்று கேட்கவில்லை.

மறுநாள் நான் முதலில் ஓட்டினேன். சுமாராகத்தான் ஓட்டினேன். அடுத்து அவர். முதல் ரவுண்டில் வழுக்கினார், இரண்டாவதில் மயிரிழையில் பிந்தினார். மூன்றாவதில் வளைவுகளையெல்லாம் அறுத்துக்கொண்டு போனார். கடைசி வளைவைத் தாண்டியபோது மொத்தக் கணக்கில் என் நேரத்தைவிட இரண்டு நொடி முன்னால் இருந்தார். இனி நேர் ரோடு, கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

அந்த நேர் ரோட்டில் அவர் வண்டியின் பின்விளக்கு சிவந்தது. முழுசாக மூன்று நொடி. பிறகு அணைந்தது.

பழையபடி தாவுகிற ஆட்டமாக இருந்திருந்தால் அந்தச் சிவப்பு எந்த இடைவெளியிலாவது போய் ஒளிந்திருக்கும், எனக்குத் தெரிந்தே இருக்காது. ஒயரை மாற்றிச் செருகியவள் நான்.

“சே, போச்சு,” என்றார் திரையைப் பார்த்தபடி. பிறகு வெளியே போய்த் தன் அம்மாவுக்குப் போன் செய்தார். “லீவு கெடைக்கலம்மா” என்பது காதில் விழுந்தது. முந்தின நாள் போனில் அம்மா அக்கா வருவதைச் சொல்லியிருக்கிறாள்.

திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். “என்னட்டி, அப்படிப் பாக்க?”

ஆறு வருடத்தில் ஒரு குறையுள்ள விளக்கைக்கூட நான் கைதவற விட்டதில்லை. அன்றைக்குத்தான் ஒன்றைத் தெரிந்தே ஓகே போட்டு அனுப்பினேன்.

“ஒண்ணுமில்ல மாமா,” என்றேன். “நீங்க வளைவுல கொஞ்சம் ஸ்லோ.”