பிள்ளையார் வயிற்றில் ஓட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். சாமியும் சாணியும் ஒரே கதையில் வருகின்றன. யாராவது கேலி செய்வார்களோ என்ற பயம். இன்று விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு கண்டிக்குப் பக்கத்தில், ஹந்தானை மலையில். நான் ஆட்டோ ஓட்டுகிறேன். பின்பக்கம் ஒரு பசு உண்டு. ஒரு மார்கழியில், வெளிநாட்டில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருவர் எங்கள் முன்னறையில் வந்து தங்கினார். அவர் தேடி வந்தது ஒரு வண்டை.

கோப்பித் தோட்டக் காலத்தில் இந்த மலையில் திரிந்த ஒரு வெள்ளைக்காரர் அதைப் பிடித்து, படம் வரைந்து, இன்ன இனம் என்று பெயரும் வைத்தாராம். பிறகு யார் கண்ணிலும் அது படவில்லை. இந்த முறையும் கிடைக்காவிட்டால் அழிந்துபோனதாக எழுதிவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸுக்குத் திரும்பிப் போகப் பிளேன்.

சாப்பிடும்போது அந்த மனிதரைப் பற்றிச் சொல்வார். காய்ச்சலோடு மலை ஏறுவாராம். பிடித்ததையெல்லாம் சாராயப் போத்தலில் போட்டு வைப்பாராம்.

“நம்மாளுங்க கண்ணுல பட்டிருந்தா வண்டோட சேத்துக் குடிச்சிருப்பாங்க” என்றாள் என் மனைவி.

போத்தலிலிருந்து வெளியே எடுத்து வரைவதற்குள் எறும்பு வந்து அந்த வண்டின் ஒரு காலைத் தின்றுவிட்டதாம். அவர் ஐந்து காலோடுதான் படம் வரைந்தார். கண்ணால் பார்க்காததை வரைய மாட்டாராம். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

“அது என்ன திங்கும் மிஸ்?” என்று ஒருநாள் கேட்டேன். அவர் தட்டைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். “அது... கண்டதையும் தின்னும் அண்ணை” என்று சோற்றைப் பிசைந்தார்.

பகலெல்லாம் மாட்டுக் கொட்டகை, காடு என்று ஆட்டோவில் அலைந்தோம். நான் ரோட்டில் ஆட்டோவோடு நிற்பேன், அவர் மட்டும் உள்ளே போய்த் தேடிவிட்டு வருவார். வெறுங்கையோடு திரும்பினோம்.

வீட்டில் எங்களுக்கு வேறு கவலை. மார்கழி விடியலில் என் மனைவி கோலம் போட்டு, சாணியில் பிள்ளையார் பிடித்து, பூசணிப்பூ வைப்பாள். வெளிச்சம் வருவதற்குள் பிள்ளையார் வயிற்றில் ஓட்டை விழுந்துவிடும்! தினமும் அப்படித்தான்.

“விரதத்துல ஏதோ கொற வச்சிட்டோம்” என்று கலங்கினாள். “மிஸ்ஸுக்குத் தெரிய வேணாம். தன்னாலதான்னு நெனச்சுக்கும், பாவம்.” அவர் எழுமுன் ஓட்டைப் பிள்ளையாரைப் பூசணிக்கொடியடியில் வைத்துவிட்டு, புதிதாகப் பிடித்து வைத்துவிடுவாள்.

சனிக்கிழமை அவர் நேரத்தோடு எழுந்து, வாடிய முகத்தோடு வாசலுக்கு வந்தார். இவள் கையில் பிள்ளையாரோடு அகப்பட்டுக்கொண்டாள்.

“என்னக்கா ஒளிக்கிறீங்கள்?”

இவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே பிள்ளையார் வயிறு அசைந்தது. ஒற்றைக் கொம்போடு கறுப்பாக ஒன்று தலையை நீட்டியது.

“அக்கா, அசையாதேங்கோ!” தொடுவதற்கு முன் அந்தப் பிள்ளை கைகூப்பி, “எடுக்கலாமோ?” என்று கேட்டது. அதை நான் மறக்க மாட்டேன். இவள் தலையாட்டினாள்.

அவர் கொண்டுவந்திருந்த அந்தப் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கொம்பின் அதே வளைவு. இதற்கு ஆறு காலும் இருந்தன!

“இது சாணி வண்டு அண்ணை. சாப்பாட்டுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறதெண்டு...”

“ஐயோ மிஸ்! சாணின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா!”

“நீங்கள் ஓட்டையெண்டு சொல்லியிருந்தா அக்கா!”

மூவரும் வாசலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் வேண்டிய மட்டும் போட்டோ எடுத்துவிட்டு, வண்டைப் பூசணிக்கொடியடியில் விட்டார். அங்கே பழைய பிள்ளையார்களுக்குள் இன்னும் பல குடியிருந்தன. அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் படைத்தோம். இப்போது மார்கழியில் ஓட்டை விழாவிட்டால்தான் என் மனைவிக்குக் கவலை.

கோயிலில் சிலர், பிள்ளையாரே வண்டாக வந்தார் என்கிறார்கள். கண்டி டவுனில் இருக்கும் என் மச்சானோ சாணியை விட்டுவிட்டு, பூவில் இருந்ததாகச் சொல்கிறார். இரண்டும் வேண்டாம். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். அந்த வெள்ளைக்காரர் இல்லாத காலை வரையவில்லை. நீங்களும் எதையும் ஒட்ட வேண்டாம், இருக்கிற சாணியைத் துடைக்கவும் வேண்டாம். பிள்ளையார் எங்களுக்குச் செய்தது அவ்வளவுதான், அதுவே நிறைய.