வெறுங்கையோடு ஏறாத மலை

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சேலத்தில் புறப்பட்ட மோட்டார் பஸ், என்னை இராசிபுரத்தில் இறக்கிவிட்டபோது மணி எட்டரை. கட்டணம் ஐந்தணா. அங்கிருந்து பேளுக்குறிச்சிக்கு மாட்டுவண்டி. எட்டணா கேட்ட வண்டிக்காரர் ஆறணாவுக்கு இசைந்தார். கிழக்கே கொல்லிமலை, நாங்கள் எவ்வளவு நெருங்கினும் தான் நெருங்காத நீல மதிலாக நின்றது.

“மலைக்குப் போறீங்களா சாமி? மொளகு யாவாரமுங்களா?” என்றார் வண்டிக்காரர்.

“இல்லை. பேசப் போகிறேன்.”

“பேசறதுக்கா!” அவர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மாட்டைத் தட்டினார். “நல்ல பொழப்புங்க.”

அவர் கேலியாகச் சொன்னாலும் அது மெய்யே. கல்லூரியின் சொற்போர் மன்றத்தில் மூன்றாண்டுகள் முதற்பரிசு பெற்றவன் நான். ஒரே பொருளைக் காலையில் தாங்கியும் மாலையில் தாக்கியும் பேசி, இரண்டு வேளையும் வென்றிருக்கிறேன். கொல்லிமலையில் தங்கி ஆராய்ச்சி செய்யும் ஜெர்மானியர் ஒருவருக்கு, மலைமக்களைப் பேசி இணங்கவைக்க ஓர் ஆள் தேவை என்று எங்கள் ஆங்கில ஆசிரியர் சொன்னபோது, அந்த ஆள் நானன்றி வேறு யார் என்றே எனக்குத் தோன்றிற்று.

மாலை நான்கு மணி. பேளுக்குறிச்சிச் சத்திரத்தின் வாயிலில் அந்த ஜெர்மானியர், டாக்டர் கெஸ்லர், எனக்காக நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, நெடிய உருவம், வலக்கால் சற்றே இழுக்கும். இளமையில் ஓட்டக்காரராக இருந்தவர். பெரிய யுத்தத்தில் முழங்காலில் குண்டு பாய்ந்தபின் ஓட முடியாமல், ஓடுகிறவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினாராம். இருவருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில், சொற்களைத் தேடித் தேடிப் பேசிக்கொண்டோம்.

“பன்னிரண்டு ஆண்டுகளாகப் பல்கலைக்கழகத்தில் உதவியாளன். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் பேராசிரியர்கள். ‘உடற்பயிற்சி ஒரு விளையாட்டு, அதில் விஞ்ஞானம் ஏது?’ என்று என்னைக் கேட்கிறார்கள்.”

பேராசிரியராக வேண்டுமானால் அவர் பெரிய ஆய்வுநூல் ஒன்றை எழுதி அளிக்க வேண்டும். முன்பு பந்தய வீரர்களின் நாடியை அளந்து எழுதியதை, பழக்கப்பட்ட உடல்கள் எதையும் மெய்ப்பிக்கா என்று பல்கலைக்கழகச் சபையார் திருப்பிவிட்டனர். ஆகவே, விளையாட்டென்றே அறியாமல் நாள்தோறும் மலையேறும் மக்களைத் தேடி இங்கு வந்திருந்தார். மலைமேல் இரண்டு மாதங்கள் தனியே தங்கி, சந்தைச் சுமையோடு ஏறிவந்த எட்டுப் பேரின் நாடியை உச்சியில் எண்ணிக் குறித்துவிட்டார். அதே எட்டுப் பேரும் சுமையில்லாமல் ஒருமுறை ஏறினால் நூல் நிறைவுறும். ஆனால் எவரும் இசையவில்லை. திங்களன்று அவர் ஊர் திரும்பப் புறப்பட வேண்டும். எஞ்சியிருந்தது மறுநாள் சந்தை ஒன்றுதான்.

“இதுவும் தவறினால்?” என்றேன்.

“பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைகால் நீட்டக் கற்றுக்கொடுப்பேன்” என்று புன்னகைத்தார். அந்த மாலையில் பேசுவதற்கு அவருக்கு என்னையன்றி ஒருவருமில்லை, எனக்கும் அவ்வாறே.

சனிக்கிழமை. முழங்கால் வலியால் மெல்ல ஏறவேண்டியவராதலால், டாக்டர் விடியுமுன்பே மலைக்குப் புறப்பட்டுவிட்டார். ஒன்பது மணிக்குச் சந்தையின் புளியமரத்தடியில் எட்டுப் பேரையும் கூட்டி நான் பேசினேன். அறிவின் பெருமை, கடல் கடந்து வந்த அறிஞரின் தவம், விருந்தினர்க்கு உதவும் நம் மரபு ஆகியவற்றை எடுத்துரைத்து, சுமைக்குத் தரும் கூலியே சும்மா ஏறினாலும் கிடைக்கும் என்று முடித்தேன். நான் பேசிய அரைமணி நேரமும் ஒருவரும் அசையவில்லை.

அவர்கள் அருகே கூடையோடு நின்ற பாப்பாயி என்ற பெண் மட்டும் வாயைப் பொத்திச் சிரித்தாள். “வெறும் ஆளு ஏறக் கூலிங்களா? அப்ப எங்கூட்டுக்காரரு தூங்கறதுக்கும் தொர ஏதாச்சும் குடுப்பாருங்களா?”

“சும்மா இரு புள்ள” என்று அதட்டிய அவள் கணவர் சடையன், என்னைப் பார்த்துத் தலையசைத்தார். “சரிங்க சாமி. ஏறிப்போடறோம்.” மற்ற எழுவரும் தலையசைத்தனர். என் நாவுக்கு இன்னொரு வெற்றி என்று உள்ளம் பூரித்தேன்.

பகல் பன்னிரண்டு மணி. மலையடியில் நின்று, கால்மணிக்கு ஒருவராக அவர்களை அனுப்பினேன். மார்கழிக் குளிருக்கு எல்லாரும் கம்பளி போர்த்தியிருந்தனர். கைகள் வெறுமையாக இருந்தன. கடைசி ஆளான சடையனோடு நானும் ஏறினேன். பாதை ஓராள் அகலம். இருமருங்கும் காடு. சிறிது நேரத்தில் சந்தையின் இரைச்சல் அடங்கியது. பிறகு என் மூச்சைத் தவிர வேறு ஓசை இல்லை. ஆயிரவர் கூடிய அவையில் உணராத அச்சத்தை, எவரும் இல்லாத அந்தச் சரிவில் உணர்ந்தேன்.

பாதி வழியில் ஈரப்பாறை ஒன்றில் என் கால் வழுக்கிற்று. முன்னே சென்ற சடையனின் இடுப்பைப் பற்றினேன். கம்பளிக்கடியில் கனமாய் ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. துணி கிழிந்து, பாறைமேல் உப்பு கொட்டியது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“எவ்வளவு?” என்றேன்.

“நாலு படிங்க.”

“மற்றவர்களும்?”

“எல்லாருந்தானுங்க.”

“காலையில் சரியென்றீர்களே!”

அவர் குனிந்து உப்பைக் கம்பளி முனையில் அள்ளினார். “அம்மாம் நேரம் நின்னுக்கிட்டே பேசுனீங்க சாமி. தொண்டகூடக் கட்டிப்போச்சு. மாட்டேன்னு சொன்னா மனசு நோகுமில்லீங்க?” பின்பு தணிந்த குரலில் தொடர்ந்தார்: “சந்தைக்கு எறங்குனவன் வெறுங்கையோட ஊடு வந்தான்னா, எளவு விழுந்துதுன்னு அர்த்தமுங்க. அதெப்படிங்க சும்மா வாரது? தொரகிட்டச் சொல்லிப்போடாதீங்க.”

மாலை ஐந்து மணி. மலைமேல், தம் குடிசை முன்னே டாக்டர் எங்களுக்காகக் காத்திருந்தார். சடையனின் மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, குறிப்பேட்டில் எழுதினார்.

“பார்! சுமையோடு ஏறியதற்கும் இதற்கும் எதிர்பார்த்ததில் பாதி வேறுபாடுகூட இல்லை. மனிதனைக் களைப்பாக்குவது சுமையன்று, மலைதான். இதை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை!” அவர் முகத்தில் இளைய ஓட்டக்காரன் ஒருவன் ஒரு கணம் தோன்றினான். “உன் பேச்சுதான் இதைச் செய்தது.”

எட்டுப் பேரும் சற்றுத் தள்ளி நின்று என்னையே பார்த்தனர். எந்தப் பொருளுக்கும் இரு பக்கம் உண்டு என்று பயின்றவன் நான். நான் வாய் திறவாதிருந்தால் அவர் பேராசிரியர்; என் வெற்றியும் வெற்றியாகவே நிற்கும். பிறகு, வேறொரு நாட்டில், வேறொருவர் இதே சோதனையைச் செய்து பார்க்கும் நாளில், அந்தச் சபையின் நடுவில் அவர் தனியாக நிற்பார்.

“அவர்கள் இடுப்பில் உப்பு இருந்தது” என்றேன். “எல்லாரிடமும்.”

“ஏறுமுன் அவர்களை எடைபோட்டுப் பார்த்திருக்க வேண்டும்” என்றார் டாக்டர். அளவுகோலை வைத்துக் குறிப்பேட்டின் எட்டு வரிகளின் மேலும் நேராக ஒரு கோடு இழுத்தார். அவருக்கு எவர்மீதும் கோபம் வரவில்லை. பின்பு என்னிடம், “சடையன் ஒருபோதும் சும்மா ஏறியதில்லையா? கேள்” என்றார்.

கேட்டேன். சடையன் யோசித்தார்.

“ஒருக்கா ஏறியிருக்கறனுங்க. சந்தையில இருக்கறப்ப, எங்கப்பன் செத்துப்போச்சுன்னு சேதி வந்துது. வாங்குனதையெல்லாம் போட்டது போட்டபடி ஓடியாந்தேன்.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “அன்னைக்கு வாங்குன மூச்சு, எந்தச் சுமைக்கும் வாங்கலீங்க.”

மொழிபெயர்த்தேன். டாக்டர் எழுதுகோலைத் திறந்தார். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் மூடிவிட்டார்.

திங்கள் காலை ஆறு மணிக்கு இறங்கலானோம். பாப்பாயி ஓடிவந்து, இரண்டு படி மிளகு கட்டிய துணியை டாக்டரின் கையில் திணித்தாள். “தொரைங்க ஊட்டுலயும் ஆளுங்க பாத்துக்கிட்டு இருப்பாங்கல்ல? வெறுங்கையோட போனா என்ன நெனப்பாங்க?”

“என்ன சொல்கிறாள்?” என்றார். சொன்னேன். தம்மை எதிர்பார்த்து அங்கே எவருமில்லை என்று அவர் மெல்லிய குரலில் கூறினார். அதை நான் அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை.

மாலை, சேலம் ரயில் நிலையம். வண்டி நகர்வதற்குமுன் டாக்டர் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, மிளகுத் துணியைச் சடையனைப்போல் இடுப்பில் சுற்றி முடிந்து, மறுபடி பொத்தானிட்டார். சன்னலோரம் அமர்ந்து கையை உயர்த்தினார். நானும் கையை உயர்த்தினேன்.

என் வீட்டில் மாடி அறைக்குப் பதினான்கு படிகள். கொல்லிமலை நாலாயிரம் அடி என்பார்கள். அறைக்குள் மூன்று பரிசுக் கோப்பைகள் வரிசையாய் இருந்தன. வாயிற்படியிலேயே நின்று, டாக்டர் செய்ததுபோல் என் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினேன். கையில் ஒன்றும் கொண்டுவராமலே ஏறியிருந்தேன். நாடி விரைவாகத்தான் அடித்தது.