ஏமாறாத ஈயைத் தேடிப் போனவர்

ஸ்டெல்லா இறந்துவிட்டார் என்று அவருடைய தங்கை ரெஜினா தொலைபேசியில் சொன்னபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன். "அக்கா போயிட்டாங்க. காலையில பூசைக்குக் கிளம்பினவங்க வாசல்லயே உட்கார்ந்துட்டாங்க. ஹார்ட்டுன்னு டாக்டர் சொல்றாரு." பிறகு கேட்டார். "பேப்பர்ல போடணும் வசந்தி. அக்கா என்ன வேலை செஞ்சாங்கன்னு நாலு வரி சொல்றீங்களா?" நான்கு வரி வரவில்லை. 'பட்டுப்புழு ஆராய்ச்சியாளர்' என்று மட்டும் சொன்னேன். அது சரியான பதில் இல்லை. அவரை அறிந்த நண்பர்களான உங்களுக்காவது மீதியைச் சொல்லியாக வேண்டும்.

ஸ்டெல்லா கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத் தொழிலாளி. பெங்களூருக்குப் படிக்க வந்தவர் பிறகு காக்ஸ் டவுனில் தங்கை குடும்பத்தோடே தங்கிவிட்டார். 1991இல் நான் அங்கே ஒரு பட்டு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தபோது அவர் பக்கத்து அறையில் இருந்தார். நான் பழ ஈக்களின் மரபியல் பார்த்தேன். அவர் பார்த்தது ஊஜி ஈயை. பட்டு வளர்ப்பவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது. பெண் ஈ வாசனை பிடித்து வந்து புழுவின் உடம்பில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குட்டிப்புழு உள்ளே துளைத்துப் போய் பட்டுப்புழுவைத் தின்று வளரும். பட்டுப்புழு கூடு கட்டாமலே சாகும். கட்டினாலும் கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு ஈயின் புழு வெளியே வரும். ஓட்டை விழுந்த கூட்டிலிருந்து நூல் எடுக்க முடியாது.

இத்தனை கெடுதல் செய்யும் ஈயை அவர் திட்டி நான் கேட்டதில்லை. "இது மேல கோபப்பட்டு என்ன பண்றது? அதோட பிள்ளைக்கு அது சோறு தேடுது" என்பார்.

அவருடைய கேள்வி எளிமையானது. வாசனையை நோக்கிப் போகும் குணம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறதா? இரண்டாகப் பிரியும் கண்ணாடிக் குழாய் ஒன்று வைத்திருந்தார். ஒரு கிளையில் வெறும் காற்று. மற்றதில் பட்டுப்புழுவிலிருந்து எடுத்த சாற்றின் வாசனை. வாசனைப் பக்கம் போய் அங்கேயே தங்கும் ஈக்களை மட்டும் பிரித்து வளர்த்தார். தலைமுறைக்குத் தலைமுறை அப்படித் தங்கும் ஈக்கள் கூடிக்கொண்டே போயின. குணம் பரம்பரையாக வருவது தெளிவாயிற்று. அந்தச் சாற்றையே வைத்து நிலையத்தில் ஒரு பொறி செய்தார்கள். பிசின் தடவிய மஞ்சள் தட்டு, நடுவில் சாறு நனைத்த பஞ்சு. எங்கள் சொந்த வளர்ப்பு மனைகளில் ஈக்களை விட்டுப் பார்த்தபோது தட்டு கறுத்துப் போகும் அளவுக்கு வந்து ஒட்டின. நாங்கள் எல்லோரும் கேசரி வாங்கிச் சாப்பிட்டோம்.

பிறகு ராமநகரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பட்டுப்புழு வளர்க்கும் கௌரம்மா என்பவரின் வீட்டில் வைத்துப் பார்த்தார் ஸ்டெல்லா. ஈ புகாமல் ஜன்னலில் கட்டும் நைலான் வலை இருந்தால் பொறியின் பலன் தெரியாது என்பதால், ஒரு ஜன்னலின் வலையைக் கழற்றச் சொன்னதும் அவர்தான். கௌரம்மா தயங்கியிருக்கிறார். "ஒன்றும் ஆகாது" என்று இவர் தைரியம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் நானும் அவரோடு போனேன். புழுக்கள் கூடு கட்டும் பருவத்தை நெருங்கியிருந்தன. கதவைத் திறந்ததும் எனக்கே புரிந்துவிட்டது. மூங்கில் தட்டுத் தட்டாக, புழுக்களின் வெள்ளைத் தோலில் கறுப்புத் தழும்பு. ஈ புகுந்த அடையாளம் அது. மஞ்சள் தட்டில் நாலைந்து ஈக்கள்தான் ஒட்டியிருந்தன. சாற்றின் வாசனை அக்கம்பக்கத்து ஈக்களையெல்லாம் வீடு வரை அழைத்து வந்துவிட்டது. வந்தவை பொறியை விட்டுவிட்டு உயிருள்ள புழுவிடம் போய்விட்டன.

ஸ்டெல்லா கன்னடத்தில் நேராகச் சொன்னார். "தப்பு என்னுடையது கௌரம்மா. நான் சொன்னதால்தான் இப்படி ஆயிற்று."

கௌரம்மா அவரை நெடுநேரம் பார்த்தார். "நீங்க சொல்லிட்டா புழு பிழைச்சிடுமா மேடம்?" என்று அவரும் கன்னடத்திலேயே கேட்டார். பிறகு, "உட்காருங்க, காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அந்தக் காபியை ஸ்டெல்லா குடித்து முடித்தார்.

நிலையத்தில் கூட்டம் நடந்தது. துறைத் தலைவர் கெட்ட மனிதர் இல்லை, அவசரத்தில் இருந்தவர். "ஒரு வீட்டுல தானேம்மா தப்பாச்சு? மத்த இடத்துல ரிசல்ட் ஜோரா இருக்கு. ரிப்போர்ட்ல இதை விட்டுடலாம்" என்றார்.

"சார், மத்த இடத்துல நாம வளர்த்த ஈயை நாமளே கொண்டுபோய் விட்டோம். ஊர் ஈயோட பார்த்தது இந்த ஒரு வீட்டுலதான்."

ஸ்டெல்லா கையெழுத்துப் போடவில்லை. அறிக்கை அவர் பெயரில்லாமலே போயிற்று. சில ஊர்களுக்குப் பொறிகளும் போயின.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் ஸ்டெல்லா அந்த ஊர்களுக்குப் பேருந்து ஏறினார். யாரும் அனுப்பவில்லை. வீடு வீடாகப் போய்ப் பொறியை எடுத்துவிட்டு வலையைக் கட்டச் சொன்னார். ஒருமுறை நான் உடன் இருந்தேன். ஒரு விவசாயி கத்தினார்: "கொடுத்ததும் உங்க ஆபீஸ், எடுக்கச் சொல்றதும் உங்க ஆபீஸ். யாரை நம்பறது?"

"யாரையும் நம்ப வேண்டாம். வலையை நம்புங்க" என்றார் ஸ்டெல்லா.

மெமோ வந்தது. பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஈக்களை அழித்துவிடச் சொன்னார்கள். என் அறையில் ஒரு மூலை காலியாக இருந்தது. இரண்டு கூண்டுகள் அங்கே வந்தன. ஒன்றில் அவருடைய ஆய்வக ஈக்கள். மற்றதில் ஊர்களிலிருந்து பிடித்து வந்தவை. வகுப்பெடுத்து முடித்ததும் மாலைகளில் வந்து அமர்ந்துகொள்வார்.

குழாயில் விட்டால் ஊர் ஈயும் வாசனைப் பக்கம்தான் திரும்பியது. ஆனால் அங்கே தங்கவில்லை. உயிருள்ள எதுவும் காலில் படாததால் திரும்பி வந்துவிட்டது. இரண்டு வகையையும் கலந்தார். பிறந்த மகள்கள் ஊர் ஈயைப் போலவே திரும்பி வந்தன. அந்த மகள்களின் மகள்களில் தங்குபவையும் திரும்புபவையும் தனித்தனியாகத் தென்பட்டன. வாசனையை நோக்கிப் போகும் குணம் என்று நினைத்து, வெறும் வாசனைக்கே தங்கிவிடும் குணத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறோம் என்பது அன்று தெரிந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்பேர்ப்பட்ட முடிவு! அவர் குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாம வளர்த்தது ஏமாறுற ஈ, வசந்தி. ஊர்ல இருக்கிறது ஏமாறாத ஈ. இதைக் கண்டுபிடிக்க அந்த வீட்டுப் புழு சாகணுமா?"

அதைச் சொல்லக் கௌரம்மா வீட்டுக்குப் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. மல்பெரிச் செடிகளைப் பிடுங்கியிருந்தார்கள். குடும்பத்தோடு பெங்களூருக்கே போய்விட்டதாகவும், புருஷன் எங்கோ கட்டட வேலையில் வாட்ச்மேனாக இருப்பதாகவும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எந்தக் கட்டடம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டுகளில் பெங்களூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆட்டோவில் போகும்போது ஸ்டெல்லா கட்டடங்களின் ஓரத்தில் வாட்ச்மேன்கள் குடியிருக்கும் தகரக் கொட்டகைகளை எட்டி எட்டிப் பார்ப்பார். கடைசிவரை அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை.

பொறி எந்த அறிவிப்பும் இல்லாமல் கைவிடப்பட்டது. ஸ்டெல்லாவின் கட்டுரை பல இதழ்களில் திரும்பி, கடைசியில் வெளிவந்தது. பிறகு ஒரு கருத்தரங்கில் இளம் பேச்சாளர் ஒருவர் அதை வியந்து புகழ்ந்தார். கைதட்டலுக்கு நடுவே ஸ்டெல்லா எழுந்து வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன். "எல்லாரும் பாராட்டுறாங்க, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அந்தக் கட்டுரையில கௌரம்மா வீட்டுக்கு என்ன பேரு தெரியுமா? சைட் ஒன். முதலாவது இடம், அவ்வளவுதான்" என்றார். "நான்தான் அப்படி எழுதினேன். வேற எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியல."

ஓய்வு பெற்ற பிறகாவது அவர் நிம்மதி அடைந்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல. போன கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோதும், வீடு நிறைய ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, என் அருகில் வந்து, "அந்த ஒரு வலையைக் கழற்றாம இருந்திருக்கலாம் இல்ல?" என்று கேட்டார். நான் கேக்கை வாயில் வைத்துக்கொண்டேன்.

ரெஜினா கேட்ட நான்கு வரி இன்னும் என்னிடம் இல்லை. ஆனால் ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது எது என்பது தெரியும். முன்பெல்லாம் என் ஈக்கள் நான் நினைத்தபடியே நடந்துகொண்டால் மனம் குளிரும். இப்போது அப்படி நடக்கும்போதுதான் எங்கே, யாருடைய வீட்டில் இது பொய்த்துப்போகும் என்று யோசனை ஓடுகிறது. அந்தக் கலக்கம் ஸ்டெல்லாவினுடையது. அதைப் போக்கிக்கொள்ள நான் விரும்பவில்லை.