சைக்கிள் கடையில் ஒரு ஜப்பான் வாள்

எங்கள் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அளந்துவிட மட்டும் நன்றாக வரும். பர்மாவில் பட்டாள லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர், சின்னமனூர் பஜாரில் சைக்கிள் கடை போட்டு, கூடவே கொண்டுவந்த ஜப்பான் வாளைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். பஞ்சர் ஒட்டக் காத்திருக்கிறவனுக்குப் பொழுது போகவேண்டுமே, அதற்கென்று ஒரு கதையும் வைத்திருந்தார். காட்டுக்குள் ஒரு ஜப்பான் தளபதி இவர் லாரியை மறித்தானாம். இவர் ஜாக்கி ராடால் ஒரே போடு போட்டு, அவன் வாளைப் பிடுங்கி அவனையே முடித்தாராம். கேட்கிற ஆளைப் பொறுத்துத் தளபதியின் உயரம் கூடும், குறையும். பஜாரில் எவனும் அதை நம்பவில்லை. டீ குடித்துக்கொண்டே கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

நம்பிய ஒரே ஆள் என் அம்மா.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். அப்போதுதான் பேச்சு திருந்தி வந்த வயது. படுத்தவன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வாள்தான். “வெட்டுப்பட்டுச் செத்தவன் சும்மா விடுவானா? எம்புள்ளையக் கொண்டுபோய்ட்டான்” என்பாள். அப்பா அதற்குப் பிறகு தளபதி கதையை வாயிலேயே எடுக்கவில்லை. வாளைக் கடையிலிருந்து கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அம்மாவுக்கு அதை வைத்திருக்கவும் பயம், தூக்கிப் போடவும் பயம். அதனால் சாமியாக்கிவிட்டாள். ஆயுத பூஜையன்று ஸ்பேனர், பம்பு, சொல்யூஷன் டப்பா எல்லாவற்றுக்கும் நடுவில் மரக்கால் நிறைய நெல்லைக் கொட்டி, நுனி மேலே நிற்கிற மாதிரி வாளை உறையிலிருந்து உருவி அதில் நடுவாள். சந்தனம், குங்குமம் வைப்பாள். கோயிலில் சூலத்துக்கும் அரிவாளுக்கும் செய்கிற மாதிரி, காத்துக் கருப்பு அண்டாதிருக்க நுனியில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்துவாள். பூஜை முடிந்தும் வாளை எடுக்க விடமாட்டாள். அந்தப் பழம் அடுத்த வருஷம் புதுப்பழம் வரும்வரை அங்கேயே காய்ந்து சுருங்கிக் கிடக்கும்.

சில வருஷங்களில் நுனியில் கறுப்பாக ஒரு கறை தெரிந்தது. வாளின் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். கறை அதன் வழியே வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. “ரத்தம் இறங்குதுத்தா. பிடியைத் தொட்டுச்சுன்னா இன்னொரு உசுரக் கேக்கும்” என்று என்னிடம் சொல்வாள். அப்பா காதில் விழாதவர் மாதிரி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவளுக்குத்தான் பயம், இந்த மனுஷனுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நினைப்பேன்.

அப்பா காலமானபோது நான் கல்யாணமாகித் தேனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் முதல் பிள்ளை உண்டானேன். வளைகாப்புப் பேச்சு எடுக்கலாம் என்று சின்னமனூருக்குப் போனால், அம்மா கூடாதென்று தலையை ஆட்டிவிட்டாள்.

“பிரசவத்துக்கு நீ இங்கன வரவேணாம். கறை பிடிகிட்ட வந்துருச்சு.”

“அப்ப அந்த இரும்பை எடைக்குப் போட்டுத் தொலை.”

“அவுக சேத்து வச்ச பாவம் அது. தூக்கிப் போட நான் யாரு? போட்டா உன்னையவே தொடந்து வந்துச்சுன்னா?”

சண்டை போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு இல்லையா என்று ஊர் கேட்குமே என்பதெல்லாம் பிறகு. எனக்குப் பயமாக இருந்தது, என் அம்மா பக்கத்தில் வேண்டியிருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் கத்திவிட்டு வந்திருந்தேன்.

மேகமலையில் ஒரு எஸ்டேட் மேனேஜர் இருந்தார். பட்டாளத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்ற மலையாளி. வெளியூருக்குப் போடும் ட்ரங்க் கால் தாமதமானால் எங்கள் எக்ஸ்சேஞ்சையே திட்டித் தீர்ப்பார். முகம் பார்க்காமலே எனக்கும் அவருக்கும் பல வருஷப் பழக்கம். ஒருநாள் அவர் திட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து, “சார், நீங்க பர்மா சண்டையில இருந்தீங்களா?” என்று கேட்டேன். எதிர்முனையில் குரல் சட்டென்று தணிந்தது. பிறகு, “எதுக்குக் கேக்கறே மோளே?” என்றார். முழுவதையும் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ஜீப் சின்னமனூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. நானும் அன்றைய டியூட்டிக்கு லீவு போட்டு வந்திருந்தேன். மேஜர் பூஜை அறை முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழைய துணி கேட்டார். காய்ந்த பழத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாளைத் துடைத்தார். அம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இது தளபதி வாளில்லை. ஹவில்தார் மாதிரி ஆளுங்களுக்குப் பட்டாளத்திலே கொடுக்கற வாள்” என்றார். பிடியை என்னிடம் காட்டினார். பட்டுக்கயிறு சுற்றியது என்று அப்பா பெருமையடித்தது கயிறே இல்லை. கயிறு சுற்றின மாதிரி உலோகத்தில் வார்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உரிந்த இடத்தில் அலுமினியம் தெரிந்தது. வாளில் பிடிக்குக் கிட்டே ஒரு எண் அடித்திருந்தது. உறையின் வாயிலும் அதே எண். “நம்ம துப்பாக்கிக்கு நம்பர் போடுவோமில்லையா, அதுபோலத்தான். பாக்டரியிலே ஆயிரக்கணக்கிலே செஞ்சது.”

பிறகு வாளின் விளிம்பில் கட்டைவிரலை மெதுவாக வைத்து நகர்த்தினார். விரலில் ஒரு கீறல்கூட விழவில்லை.

“சண்டைக்குக் கொண்டுபோகும்போதுதான் கூர் தீட்டுவாங்க. இதைத் தீட்டவே இல்லை. வெட்டினா விளிம்பிலே பல்லுப் பல்லா உடையும், இதிலே ஒண்ணும் இல்லை. இது யாரையும் வெட்டின வாளில்லை.”

“அப்ப அப்பாவுக்கு எப்படி வந்துச்சு?” என்றேன்.

“ஜப்பான்காரன் சரணடைஞ்சப்போ வாளையெல்லாம் விறகு மாதிரி குவிச்சுப் போட்டிருந்தோம். ஊருக்குத் திரும்பற ஆளுங்களுக்கு ஒண்ணொண்ணு கிடைச்சது. அப்படித்தான் இருக்கணும். ஆனா நான் கூட இருந்து பார்க்கலை.”

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அந்த ரத்தம்?”

மேஜர் கறையைப் பார்த்தார், கழற்றி வைத்த பழத்தைப் பார்த்தார். “ரத்தமில்லை அம்மா. புளிப்பு பட்டா இரும்பு கறுக்கும். பழத்தைக் குத்திக் குத்தி, சாறு இந்தப் பள்ளம் வழியா இறங்கியிருக்கு.”

அம்மா உள்ளே போய் அரிவாள்மனையை எடுத்துவந்தாள். முந்தின நாள்தான் ஊறுகாய்க்கு எலுமிச்சங்காய் அரிந்திருந்தாள். அதன் வாய் கறுத்துப் போயிருந்தது. அதையும் வாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “நாந்தானா செஞ்சேன்” என்றாள்.

ஜீப் போனபிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா, ஒண்ணுமே இல்ல. வளைகாப்பு முடிஞ்ச கையோட இங்கன வந்துருவேன்” என்று என்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“உங்கப்பாரு பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லலியே” என்றாள்.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

“மாட்டேன்” என்றாள். அந்த மனுஷன் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று எனக்கும் அப்போதுதான் லேசாகப் புரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கையில் திட்டுவதற்கு ஒன்று இருக்கட்டும் என்று விட்டிருப்பார். எவ்வளவு வைதிருக்கிறேன் அவரை மனசுக்குள்.

அம்மா அரிவாள்மனையைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப அவனுக்கு என்னதான் வந்துச்சு?”

“காய்ச்சல்ம்மா.”

“வெறும் காய்ச்சலா?”

“ஆமாம்மா. வெறும் காய்ச்சல்தான்.”

அத்தனை வருஷமும் அவள் செத்த ஜப்பான்காரனைத் திட்டித்தான் பார்த்திருக்கிறேன், தம்பிக்காக அழுது பார்த்ததில்லை. அன்றைக்கு அவன் பேரைச் சொல்லி அழுதாள், நேற்றுச் செத்தவனுக்கு அழுகிற மாதிரி. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.