பசை காயும் வரை

அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அடிப்பார்கள், அழுவார்கள், மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பாள் அம்மா, உதட்டு ரத்தத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டே. அப்பாவின் பெல்ட்டுக்குக் கதவுக்குப் பின்னால் தனி ஆணி இருந்தது. அப்பா போய்ச் சேர்ந்தும் அந்த ஆணியை யாரும் பிடுங்கவில்லை.

அந்த வீட்டு மூத்த மகளைத்தான் சந்தை முழுவதும் கறிக்கடை அக்கா என்று கூப்பிட்டது. அங்கே கறி வெட்டுகிற ஒரே பெண் அவள். தொடை எலும்பை ஒரே வெட்டில் இரண்டாக்குவாள். கோபம் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கையை ஓங்குவாள். அந்த அளவுக்கு நியாயம் தெரிந்தவள். ஒருநாள் அந்த நியாயமும் போதவில்லை. கூட வேலை பார்த்தவன் அவளைக் கேவலமாக ஒரு வார்த்தை சொல்ல, தலைமுடியைப் பிடித்து அவன் முகத்தை வெட்டுக்கட்டையில் மோதினாள். தாடை விலகியது. பற்கள் கறித்துண்டுகளுக்கு நடுவே சிதறின.

காவல் நிலையத்திலிருந்து மீட்டு வந்த அம்மா, வீட்டுப் படியிலேயே திட்டத் தொடங்கினாள். அவளையும் பிடித்துத் தள்ளினாள் மகள். அம்மாவின் மணிக்கட்டு படி விளிம்பில் பட்டு முறிந்தது. தினம் தினம் கடையில் கேட்கிற சத்தம்தான். அன்றுதான் அது அம்மாவின் கையிலிருந்து வந்தது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஏதாவது கொடுக்கலாம் என்று கடைத்தெருவுக்குப் போனாள். ஒரு கண்ணாடிக்குப் பின்னால் மரக் கப்பல் நின்றது. பெட்டியில் துண்டு துண்டாக வருமாம், நாமே ஒட்டிக் கட்ட வேண்டுமாம். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. விற்கிறவள் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "பின்னாடி சந்துல நசுங்கின பெட்டி விக்கிறவர் இருக்காரு. அங்க போய்ப் பாருங்கக்கா."

அந்தச் சந்துக் கடையில் உலகத்தில் திருப்பி அனுப்பப்பட்டதெல்லாம் குவிந்து கிடந்தது. பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதி கிடையாது. அவள் காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா, தேங்காய் வாங்குற மாதிரி வாங்குறீங்க?"

"தண்ணி இருக்கான்னு பாக்கல. மிச்சம் ஏதாவது இருக்கான்னு பாக்குறேன்."

"கொடிமரம் இல்லன்னா என்னைக் கேக்கக் கூடாது."

"அது இல்லாததுக்குத்தானே இந்த விலை? முழு விலை குடுத்து வாங்கினா அது கப்பலா, கடனா?"

இல்லாத கொடிமரத்தை விளக்குமாற்றுக் குச்சி ஈடுகட்டியது. பாய்க்குப் பழைய தலையணை உறை. ஆனால் மலிவுப் பெட்டிகளில் எப்போதுமே காணாமல் போவது கவ்விகள்தான். கப்பலின் சட்டம் ஆட்டு விலா எலும்பைப் போலவே இருக்கும். அது அவளுக்குப் பழக்கம். அதன்மேல் வெந்நீரில் ஊறிய மெல்லிய பட்டைகளை வளைத்து ஒட்ட வேண்டும். பசை காயும் வரை கவ்விதான் அழுத்திப் பிடிக்கும். கவ்வி இல்லாத கப்பலுக்கு இரண்டு கைகள்தான் கவ்வி. நடுவில் விட்டால் பட்டை திமிறிக்கொண்டு விலாவையே முறித்துவிடும். அவள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிடித்திருக்கிற கை யாரையும் அடிக்க முடியாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அம்மா அந்தக் கப்பலை வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் பீரோ மேல் வைத்தாள். அன்றிலிருந்து அதுவே குடும்ப வழக்கமாகிவிட்டது. கப்பல் வந்தால் சண்டை முடிந்தது. அவளுடைய தம்பி, லாரி ஓட்டுகிறவன், அதற்குள் அவளிடமிருந்து இரண்டு கப்பல் வாங்கிவிட்டான். "வாக்கா, சண்டை போடலாம். அலமாரியில இன்னொண்ணுக்கு இடம் இருக்கு" என்பான். அவளும் சிரிப்பாள். வருடங்களாக அவள் கை யார்மேலும் ஓங்கவில்லை.

தம்பியின் கை ஓய்ந்தால்தானே?

ஒரு காலையில் தம்பி மனைவி வந்து, அக்கா தனியாகக் குடியிருந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள். கையை எடுத்தபோது முன்பல் இரண்டு இல்லை. முழங்கையில் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்து, தோல் உரிந்து கிடந்தது.

"அண்ணி, இந்தத் தடவை அங்க போனா கொன்னுடுவாரு."

"போகாத. இங்கயே இரு. உன்ன யாரும் தொட மாட்டாங்க."

அந்தப் பெண்ணுக்காகச் சந்துக் கடையிலேயே பெரிய பெட்டியைத் தூக்கி வந்தாள் அக்கா. அந்தப் பெண் வெந்நீர் காய்ச்சிப் பட்டைகளை ஊற வைப்பாள், அக்கா ஒட்டுவாள். ஒருநாள் பசை மூக்கில் ஒட்டியதற்கு அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக உயிரையே கொடுக்கலாம் என்று தோன்றியது அக்காவுக்கு.

ஒரு மதியம் தம்பி வந்தான். திறந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன், மேசையைப் பார்த்ததும் நின்றான். முகம் மலர்ந்தது.

"எனக்கா, அக்கா? பெருசா இருக்கே!"

அப்போது அவள் முகப்புப் பட்டையைப் பிடித்திருந்தாள். கப்பலிலேயே அதிகம் வளைகிற பட்டை. கையை எடுக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் கையும் திறந்துவிடும் என்ற பயம். இத்தனை வருடம் கட்டிக் காத்த கை!

அந்த மௌனம்தான் பிசகு. அந்தக் குடும்பத்தில் கப்பலும் மௌனமும் சேர்ந்தால் ஒரே பொருள்தான். அக்கா மன்னித்துவிட்டாள் என்று நினைத்தான் தம்பி.

"தெரியும்க்கா. நீ என்ன விட்டுக் குடுக்க மாட்ட" என்றவன் நேராகச் சமையலறைக்குப் போனான்.

அலறல் கேட்டது. பாத்திரம் உருண்டது. கொதிக்கும் வெந்நீர் தரையில் ஓடி வந்தது. மனைவியின் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்து வந்தான் அவன். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்களைச் செருப்புக் காலால் மிதித்தான். தலையைக் கதவுச் சட்டத்தில் மோதினான். ஒருமுறை. மறுபடியும்.

"அண்ணி! தொட மாட்டாங்கன்னு சொன்னீங்களே!"

அக்கா கையை விட்டாள்.

பட்டை சாட்டையாகத் திமிறி அவள் கன்னத்தைக் கிழித்தது. கப்பலின் விலாக்கள் படபடவென்று முறிந்தன. திரும்பிய தம்பியின் மூக்கில் அவள் முஷ்டி இறங்கியது. அவன் திருப்பிக் குத்தினான். அவள் புருவம் பிளந்தது. மீண்டும் ஓங்கிய கையைப் பிடித்தாள். எந்த மூட்டு எங்கே கழலும் என்று அவளுக்கா தெரியாது? தோளை முழங்காலால் அழுத்தி, கையை முறுக்கித் தூக்கினாள்.

"அக்கா! நான் தம்பிக்கா!"

சத்தம் கேட்டது. கை தொங்கியது. விழுந்தவன் மார்பில் ஏறி உட்கார்ந்து அறைந்தாள், குத்தினாள். அப்பாவின் பெல்ட்டுக்காக ஒன்று, அம்மாவின் மணிக்கட்டுக்காக ஒன்று, யாருக்கென்றே தெரியாமல் இன்னும் எத்தனையோ. அவன் முகம் முகமாக இல்லை. அவள் விரல் கணுக்களில் தோல் இல்லை.

ரத்தம் வழியும் தலையோடு தவழ்ந்து வந்த அந்தப் பெண் அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"போதும் அண்ணி. செத்துடுவாரு."

"சாகட்டும்டி!"

"அப்புறம் உங்கள உள்ள வெச்சிடுவாங்க. நான் யார்கிட்டப் போவேன்?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் கை இறங்கியது.

அவனை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு, இருவரும் அதே கோலத்தில் காவல் நிலையத்துக்கு நடந்தார்கள். தெரு விலகி வழிவிட்டது. சேதி கேட்டு, அங்கே இவர்களுக்கு முன்பே அம்மா வந்து உட்கார்ந்திருந்தாள்.

"குடும்ப விஷயம் சார். என் பையன் படியில விழுந்துட்டான், இவ கதவுல முட்டிக்கிட்டா. அவ்வளவுதான். சொல்லுடிம்மா!"

மருமகள் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். பல்லில்லாத இடத்தில் காற்று போனது. ஆனாலும் சொல் தெளிவாகவே வந்தது.

"முட்டிக்கல அத்தை. அடிச்சாரு. அதான் நடந்தது. எழுதிக்குங்க சார்."

"அப்ப அவரை யாரு அடிச்சது?" என்றார் காவலர்.

"நான்தான். அதையும் எழுதுங்க" என்றாள் அக்கா.

"எழுதினா உங்களையும் பிடிச்சு உள்ள போடணும்மா."

"போடுங்க."

"அடிப்பாவி! கூடப் பிறந்தவன்டி! வந்தவளுக்காகவா?" அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கா இடுப்பிலிருந்து தன் வீட்டுச் சாவியை எடுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து, வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"உள்பக்கம் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும். பலமா அழுத்து."

அந்தப் பெண் தலையாட்டினாள். மாமியார் நீட்டிய கையைத் தாண்டி, வெயிலில் தனியாக நடந்து போனாள்.