நெடுந்தீவில் எனக்குப் பங்கில்லை

1973 ஆவணி, சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறியபோது என்னிடம் ஒரு குடை, ஒரு கறுப்புத் தோல்பை, இரண்டு பெயர்கள் இருந்தன. குடையும் பையும் மாத்தளைக் கடைவீதியில் வாங்கியவை. பெயர்கள், சரவணை ஊரிலிருந்து மாத்தளைக்குக் குடிவந்து என்னை வளர்த்த அம்மா கண்மூடுவதற்கு முதல் வாரம் தந்தவை. "நீ நான் பெறாத பிள்ளை. நெடுந்தீவிலை நாகம்மா எண்டவள் பெத்தவள். அவளின்ரை தமையன் கந்தையா." முப்பத்தெட்டு வயதில் இதைக் கேட்ட தபால் கந்தோர்க்காரிக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்: முகவரியைத் தேடிப் போவது. நாகம்மா உயிரோடு இருந்தால் ஒருதடவை முகம் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

முதல் நாள் கச்சேரியில் பழைய பிறப்புப் பதிவுகளைத் தேடிப் பார்த்தாயிற்று. எழுதுவினைஞர் நல்ல மனிதர். மூன்று வருடப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "அக்கா, புத்தகத்தின்படி நீங்கள் இன்னும் பிறக்கேல்லை," என்றார். வீட்டில் பிறந்த பிள்ளையை யாரும் பதியவில்லை. தத்துக் கொடுத்ததற்கும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று இருபது மைல் குலுங்கி, எட்டரைக்கு லோஞ்சுப் படகில் ஏறினேன். கட்டணம் ஒரு ரூபா. நான் கொஞ்சம் பாரமான ஆள். லோஞ்சுக்காரர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு நட்டநடுவில் இருத்தினார். சோளகக் காற்றில் கடல் ஆட்டிய ஆட்டத்துக்கு அது நல்லதாகவே போயிற்று.

"ஆரின்ரை வீட்டுக்கு?" என்றார் பக்கத்தில் கோழிக்கூடையோடு இருந்தவர்.

"கந்தையா வீட்டுக்கு."

"எந்தக் கந்தையா?"

"நாகம்மாவின்ரை தமையன்," என்றேன். லோஞ்சு முழுவதும் கந்தையாக்களை எண்ணியது. நாகம்மா என்று தங்கை உள்ளவர்கள் மூன்று பேர் என்று மாவிலித்துறையில் இறங்குமுன் தீர்ப்பாயிற்று.

பத்து மணிக்கு, இரண்டு ரூபா பேசி, சின்னராசாவின் மாட்டுவண்டியில் புறப்பட்டேன். இரு பக்கமும் கல்வேலி, நடுவில் புழுதி. முதல் வீட்டில் வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. "கந்தையா வீட்டிலை இல்லை," என்று கந்தையாவே சொல்லிவிட்டு உள்ளே போனார். இரண்டாவது வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

சின்னராசா சிரித்தார். "அக்கா, கறுப்புப் பையும் குடையுமாய் வந்து தாய் பேர் விசாரிச்சால் சனம் என்ன நினைக்கும்? கோட்டுப் பிரக்கிராசி அனுப்பின ஆள், காணிப் பங்குக்கு வழக்கு வைக்க வந்திருக்கு எண்டுதான்."

பங்கிலே பங்குக்கு மூன்று தலைமுறை வழக்காடுகிற சனமல்லவா நாங்கள்! பையை வண்டியிலேயே விட்டுவிட்டு மூன்றாவது வீட்டில் இறங்கினேன். புத்திசாலித்தனம்தான், ஆனால் கையிலிருந்த குடையை விட மறந்துவிட்டேன். சரிந்த வேலிக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்த கிழவர் குடையைப் பார்த்தார்.

"எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தியும் இல்லை, பிள்ளை."

"சரி ஐயா. என்னை வளர்த்த சரவணை ஆக்கள் செத்துப்போச்சினம். பெத்தவளை ஒருக்காப் பார்ப்பமெண்டு வந்தனான்."

கையிலிருந்த கல் விழுந்தது. "சரவணைக்குப் போன பெட்டையோ! உனக்கு இஞ்சை பங்கில்லை! மஞ்சள் தண்ணி குடிச்சாச்சு!"

பிள்ளையைத் தத்தெடுப்பவர்கள் உறவுக்காரர் முன்னிலையில் மஞ்சள் தண்ணீர் குடிப்பது பழைய வழக்கம். குடித்தபின் பிள்ளைக்கு முதுசச் சொத்து வளர்க்கிற வீட்டில்தான். பெற்ற வீட்டில் ஒன்றுமில்லை.

"பங்குனி மாதம், பித்தளைச் செம்பு," என்று கிழவர் வேலி அதிரக் கத்தினார். "அவையின்ரை சொந்தக்காரர் எல்லாம் சம்மதத்துக்கு விரல் தோய்ச்சவை. உன்னைத் தூக்கிக் குடுத்தது இந்தக் கைதான். என்ரை புதுச் சால்வையையும் நனைச்சுப்போட்டுத்தான் போனனீ!"

கச்சேரியில் கிடைக்காத அத்தனையும் கிடைத்துவிட்டது.

"அப்ப, தங்கச்சி இல்லை எண்டனீங்கள்?"

கிழவர் குனிந்து, விழுந்த கல்லைத் தேடினார். குசினியிலிருந்து ஒரு குரல் வந்தது: "போதும் அண்ணை. வந்தவளை இருக்கச் சொல்லு."

கையைத் துடைத்துக்கொண்டு சிறிய உருவமாக நாகம்மா வெளியே வந்தார். மாத்தளையில் யாரிடமும் காணாத என் மூக்கு அவர் முகத்தில் இருந்தது. நான் அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

"உன்ரை கொப்பர் கடலோடை போயிட்டார்," என்றார் அவர். "உனக்கு முதல் நாலு பேர். நீயாவது வயிறாரத் தின்னட்டும் எண்டு குடுத்தனான்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "திண்டிருக்கிறாய்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார். கூழ் குடிக்கும்போதும் விடவில்லை. என் அம்மானாகிவிட்ட கிழவருக்கு மட்டும் கூழ் இறங்கவில்லை. கடைசியில் கேட்டேவிட்டார்: "ஒரு துண்டு எழுதித் தந்தாயெண்டால்..."

வண்டியிலிருந்து பையை எடுத்துவந்து, கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி எழுதத் தொடங்கினேன். தொழில் பழக்கம்.

"பங்குமில்லை, பிள்ளையுமில்லை எண்டு எழுது," என்றார் அம்மான்.

"காணி இல்லை எண்டு எழுது," என்றார் நாகம்மா. "பிள்ளை இல்லை எண்டு எழுதாதை."

எழுதினேன்: "நெடுந்தீவு நாகம்மாவின் வயிற்றில் பிறந்த மகள் பரமேஸ்வரியாகிய எனக்கு இக்காணியில் எவ்வித பங்கும் இல்லை." அம்மான் கையொப்பம் வைத்தார். நாகம்மா பெருவிரல் வைத்தார். சாட்சிக்குச் சின்னராசா.

பிற்பகல் மூன்று மணி லோஞ்சுக்கு இருவருமே துறைக்கு வந்தார்கள். அம்மான் ஒரு பை பனங்கிழங்கு ஒடியல் தந்து, "அடுத்தமுறை குடை கொண்டு வராதை," என்றார்.

மாத்தளையில் எனக்கு ஒரு வீடும் மூன்று பலாமரங்களும் உண்டு. அவற்றின் உறுதிப் பத்திரங்கள் மேசையில் திறந்தபடி கிடக்கின்றன. பங்கில்லை என்று எழுதிய கடதாசியை மட்டும் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.